பூட்டியின் உடுப்பும் பேரப்பிள்ளைகளின் மறதியும்

என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் நீண்டகாலம் பணியாற்றி, எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு நிழற்படத்தை அனுப்பியிருந்தார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாழும் டேனிய வம்சாவளிக் குடும்பமொன்றின் படம் அது. இளம்பெண்ணொருத்தி கோடுகளிட்ட கம்பளிப் பாவாடையும், மார்போடு இறுகிய கையில்லா மேற்சட்டையும், வெள்ளை நூலால் வேலைப்பாடு செய்த தொப்பியும் அணிந்து ஒரு மரவீட்டின் முன்னால் நிற்கிறாள். பூட்டியின் உடுப்பு நான்காவது தலைமுறையின் கைக்கு வந்திருக்கிறது என்று படத்தின் கீழே ஒரு குறிப்பு.

நண்பர் தன் பங்குக்கு நான்கு வரிகளைச் சேர்த்திருந்தார். "பாத்தீரே? கடல் கடந்துபோய் நூறு வருசத்துக்கு மேலாகியும் ஒரு நூல்கூட மாறேல்லை. எங்கட பிள்ளையளுக்கு ஒரு சேலையை ஒழுங்காய் உடுக்கத் தெரியாது. அவங்கள் தங்கட தூய்மையைக் காப்பாத்தினவங்கள். அதுதான் இண்டைக்கும் வாறவன் போறவனையெல்லாம் உள்ளுக்கை விடாமல் நாட்டைக் காப்பாத்துறாங்கள்."

கடைசி வசனத்தை இரண்டு தடவை வாசித்தேன். அகதியாகச் சென்று அதே நாட்டின் கதவைத் தட்டிய ஒருவர் எழுதிய வசனம் அது. கோபத்தில் எழுதிய எதையும் மறுநாள் காலை மீண்டும் வாசிக்காமல் அச்சுக்குக் கொடுக்காதே என்று எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியர் சொல்வார். மூன்று நாட்கள் பொறுத்திருந்தேன். கோபம் தணியவில்லை. ஆதலால் அவருக்கு எழுத நினைத்ததை வாசகர்கள் முன்னிலையில் இங்கே எழுதுகிறேன்.

படத்திலுள்ள பெண்மீது எனக்கு எவ்வித வழக்கும் இல்லை. பூட்டியின் உடுப்பை மடித்து, பூச்சியரிக்காமல் வைத்து, ஆண்டுக்கொரு நாள் எடுத்து அணிகிறாள். அது நல்ல காரியம். என் வழக்கு அந்த உடுப்பைக் காட்டித் தூய்மை பேசுகிறவர்களோடுதான். டென்மார்க்கின் நாட்டார் உடையைப் போல் தூய்மைவாதத்தைப் பொய்யாக்கும் சாட்சி வேறில்லை என்பதே எனது வாதம்.

முதலில் அந்த உடையின் வயதைப் பார்ப்போம். 'புராதனம்' என்ற சொல்லை நாம் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். டேனியக் குடியானவர்களின் உடை அதன் முழு அழகோடு விளங்கிய காலம் ஏறத்தாழ 1750 முதல் 1850 வரையான ஒரு நூற்றாண்டே. குடியானவ ஆண்களை அவர்கள் பிறந்த பண்ணையோடு கட்டிவைத்திருந்த சட்டம் 1788இல் நீக்கப்பட்டது. காலப்போக்கில் பலர் சொந்த நிலம் பெற்றார்கள். கையில் காசு புழங்கியது. வெள்ளிப் பொத்தானும் பட்டு நாடாவும் பொன்னிழைத் தொப்பியும் அந்தச் செழிப்போடு பெருகின. அதற்குச் சற்று முன்னர், 1783இல், குடியானவர்களின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தவென்றே ஓர் அரச ஆணை பிறந்திருந்தது. பட்டணத்துச் சீமானைப் போல் பட்டியானும் உடுக்கத் தலைப்படுகிறான் என்ற எரிச்சல்தான் அத்தகைய ஆணைகளின் மூலகாரணம். ஆக, இன்று தேசத்தின் ஆன்மா என்று போற்றப்படும் உடை, அன்றைய மேலோரின் கண்ணில் அத்துமீறலாகவே பட்டது.

பின்னர் ஆலைத்துணி மலிந்தது. குடியானவர்களும் பட்டணத்து மோஸ்தருக்கு மாறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய உடுப்புகள் பெட்டிகளுக்குள் போய்விட்டன. 1885இல் கொப்பன்ஹேகனில் டேனிய நாட்டார் அருங்காட்சியகத்தைத் திறந்த பேர்ன்ஹார்ட் ஓல்சன் என்பவர், அழிந்துகொண்டிருந்த ஒன்றையே அவசரமாகச் சேகரித்தார். நாட்டார் நடனத்தை வளர்க்கும் சங்கம் 1901இல் தோன்றியது. அன்றாடம் அணிந்தவர்கள் கைவிட்ட பின்னரே படித்தவர்கள் அதைத் 'தேசிய உடை' என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

இனி நூலுக்கு வருவோம். "ஒரு நூல்கூட மாறேல்லை" என்றல்லவா நண்பர் எழுதினார்? பாவு லினன் நூலாகவும் ஊடை கம்பளி நூலாகவும் வீட்டுத் தறியில் நெய்த துணிதான் அந்தப் பாவாடைகளின் அடிப்படை. அதுவரை எல்லாம் உள்ளூர்ச் சரக்குத்தான். ஆனால் கழுத்துத் துணிக்குரிய பட்டும், கோடைகால மேலங்கிக்குரிய பருத்தியும், நீலத்துக்குரிய அவுரிச் சாயமும் டேனிய வயலில் விளைந்தவையா? பருத்தியும் அவுரியும் அந்தக் குளிரில் முளைக்கவே மாட்டா. 1620இல் ஓவே யெத்த என்பவரின் தலைமையில் வந்த டேனியக் கப்பல்கள் முதலில் இலங்கையைத்தான் நாடின. கண்டி மன்னனோடு பேசிய பேரம் பயன்தராமற்போகவே, தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றன. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது டேனியர் வசம் இருந்தது. அந்தக் கரையின் பருத்தித் துணி கப்பல் கப்பலாகக் கொப்பன்ஹேகனில் இறங்கியது. அதிற் பெரும்பகுதி பிற துறைமுகங்களுக்கு மறுபடியும் விற்கப்பட்டாலும், கடல்கடந்து வந்த துணியின் சுவையை ஐரோப்பியக் குடியானவப் பெண் அறிந்துகொண்டது இத்தகைய வாணிபத்தால்தான். தமிழ் நெசவாளியின் கைபட்ட நூல் ஏதேனும் ஒரு டேனியப் பெட்டிக்குள் உறங்கக்கூடும் என்று நான் நினைப்பது வெறும் கற்பனையன்று.

நூலை விடுவோம். உடுத்தவர்களைப் பார்ப்போம். இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது.

கொப்பன்ஹேகனை ஒட்டி அமாகர் என்றொரு தீவு உண்டு. இன்று அந்நாட்டின் பிரதான விமான நிலையம் அங்கேதான் அமைந்திருக்கிறது. நம்மவர்கள் பலர் அகதி விண்ணப்பத்தோடு முதலில் மிதித்த மண்ணும் அதுவே. 1521இல் இரண்டாம் கிறிஸ்தியான் மன்னன் ஒல்லாந்துக் கமக்காரக் குடும்பங்களை அழைத்து வந்து அந்தத் தீவிலே குடியமர்த்தினான். அரண்மனைக்குக் காய்கறி பயிரிட உள்ளூராரைவிட அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பது காரணம். நமது யாழ்ப்பாணத்தைப் பின்னாளில் ஆண்ட ஒல்லாந்தரின் முன்னோர் தலைமுறையினர் இவர்கள். ஸ்டோர மாக்லெபி என்ற கிராமத்தில் தங்கள் சொந்த வழக்குச் சட்டத்தோடும் சொந்தத் தேவாலயத்தோடும் வாழ்ந்தார்கள். அந்தத் தேவாலயத்தில் ஒல்லாந்த மொழியிலும் கீழ் ஜேர்மன் மொழியிலும் வழிபாடு நடந்தது. டேனிய மொழி அங்கே புகுந்தது 1811இல். கணக்குப் பாருங்கள்: 290 ஆண்டுகள்! 'ஒன்றிணைந்து போ, அல்லது திரும்பிப் போ' என்று குடியேறிகளுக்கு இன்று கெடு வைக்கும் அரசியல்வாதிகள், இந்த 290 என்ற எண்ணை ஒரு தடவையாவது தங்கள் நாடாளுமன்றத்தில் உச்சரிக்கட்டும்.

இந்தக் குடியேறிகள் தமக்கென ஓர் உடைமரபையும் வளர்த்துக்கொண்டார்கள். திருவிழாவுக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று என்று கண்டிப்பான ஒழுங்கு அதிலிருந்தது. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று அது இறங்கியது. அவர்கள் காய்கறி விற்ற இடம் கொப்பன்ஹேகனின் நடுமையத்தில் இன்றும் 'அமாகர் சந்தை' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டேனிய தேசியவாதம் கொழுந்துவிட்டு எரிந்தது. நமது ஓவியர்கள் இத்தாலிக்கு ஓடுவதை நிறுத்தி நமது குடியானவர்களை வரையட்டும் என்று கலை வரலாற்றறிஞர் ஹோயன் வற்புறுத்தினார். அவருடைய செல்வாக்குக்கு உட்பட்ட யூலியஸ் எக்ஸ்னர் என்ற ஓவியர் 'உண்மையான டேனியரை'த் தேடிப் புறப்பட்டார். அவருடைய தூரிகை எங்கே போய் நின்றது தெரியுமா? அமாகரில்! பாட்டனாரைக் காணவந்த பேரக்குழந்தையை அவர் 1853இல் வரைந்த ஓவியம் டேனியக் கலையின் பொக்கிஷங்களுள் ஒன்று. அதிலுள்ள உடைகள் ஒல்லாந்துக் குடியேறிகளின் பரம்பரை உடைகள். தேசத்தின் முகத்தைத் தேடிப் போனவர் கண்டெடுத்தது வந்தேறிகளின் முகத்தை. அதை அழகென்று கண்டு மனமார ஏற்றுக்கொண்டது டேனிய தேசத்தின் பெருமை. ஏற்றுக்கொண்டதை மறந்துவிட்டது அதன் சிறுமை.

இன்னொரு தீவைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்குக் கடலோரத்தில் உள்ள ஃபானோ என்ற தீவில் ஆண்கள் கப்பலோடிகள். வயல்வேலை பெண்களின் தலையில். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பாவாடைகள் அணிந்து, தலைத்துணியின் இரு முனைகளும் நிமிர்ந்து நிற்கக் கட்டும் அவர்களது கோலம், நாட்டார் உடைகளுள் மிகுந்த பிரசித்தமானது. 20ஆம் நூற்றாண்டிலும் முதிய பெண்கள் அதை அன்றாடம் அணிந்தார்கள். அந்தப் பெண்கள் வெயிலும் காற்றில் பறக்கும் மணலும் முகத்தைத் தீண்டாதிருக்க ஒரு முகமூடியும் அணிந்தார்கள். கண்ணைத் தவிர ஏனையவற்றை மூடும் அந்தத் துணிக்கு ஸ்ட்ரூட என்று பெயர்.

2018 மே 31ஆம் திகதி டேனிய நாடாளுமன்றம் 75க்கு 30 என்ற வாக்குகளால் பொது இடங்களில் முகத்தை மூடுவதைத் தடைசெய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதற் குற்றத்துக்கு 1,000 குரோனர் தண்டம். நியாயத்தைச் சொல்லவேண்டும்: தொழிலுக்காகவோ குளிருக்காகவோ மூடுவதற்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஃபானோப் பெண் இன்று உயிர்பெற்று வந்தால் தண்டம் செலுத்த மாட்டாள். நானும் முகத்திரையின் ரசிகன் அல்லன். ஆனால் 'முகத்தை மூடுவது எங்கள் கலாசாரத்தில் என்றைக்கும் இல்லாதது' என்று முழங்குவோர், தங்கள் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முழங்கலாம்.

இப்போது படத்திலுள்ள பெண்ணின் பூட்டியிடம் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஏறத்தாழ 3 இலட்சம் டேனியர் நாட்டை விட்டு வெளியேறினர். மிகப் பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. நிலமற்றவர்கள், கூலிக்காரர்கள், பண்ணை வேலைக்காரிகள் இவர்களுள் அதிகம். 1864ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவிடம் பறிபோன ஷ்லெஸ்விக் பகுதியிலிருந்து, அந்நியப் படையில் கட்டாய சேவை செய்ய மறுத்து ஓடிய இளைஞர்களும் இருந்தார்கள். கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி ஓடுவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இவர்கள் கப்பலேறிய காலத்தில் நாட்டார் உடை ஏற்கெனவே வழக்கொழிந்துகொண்டிருந்தது. பெரும்பாலானோர் சாதாரண ஆலைத்துணியில்தான் அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள். பெட்டிக்குள் ஒரு தொப்பியோ கழுத்துத் துணியோ வெள்ளிப் பொத்தானோ இருந்திருக்கலாம். முழு உடையாக இன்று பாதுகாக்கப்படுவனவற்றுள் பல, பின்னாளில் விழாக்களுக்காக அமெரிக்க மண்ணிலே தைக்கப்பட்டவை. இதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. நினைவிலிருந்து தைத்த தாயின் கை, நெய்த பாட்டியின் கையைவிடத் தாழ்ந்ததன்று. ஆனால் 'ஒரு நூலும் மாறவில்லை' என்பது வரலாறாகாது.

அயோவாவின் வரலாற்றில் நண்பர் அறியவேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1918 மே 23ஆம் திகதி, அம்மாநில ஆளுநர் ஹார்டிங் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாடசாலையில், பொது இடத்தில், புகைவண்டியில், தொலைபேசியில், தேவாலயப் பிரசங்கத்தில் ஆங்கிலம் தவிர்ந்த வேறு மொழி கூடாது. ஆங்கிலம் விளங்காதவர்கள் வீட்டுக்குள்ளிருந்து வழிபடலாம்! இலக்கு ஜேர்மானியர் என்றாலும் அடி டேனியர்மீதும் விழுந்தது. டென்மார்க் அப்போரில் நடுநிலை நாடு என்பதையும் எவரும் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்தபின் டிசம்பரில் பிரகடனம் மீளப்பெறப்பட்டது. ஆனால் பிள்ளைகளோடு டேனிய மொழி பேசுவதற்குக் கூசிய பெற்றோரின் கூச்சத்தை எந்தப் பிரகடனம் மீளப்பெறும்?

அடுத்த தலைமுறைகளில் தேவாலயங்கள் ஆங்கிலத்துக்கு மாறின. கலிபோர்னியாவில் டேனியர் 1911இல் நிறுவிய சொல்வாங் என்ற ஊர், 1936இல் தன் வெள்ளிவிழாவை உடையும் நடனமுமாகக் கொண்டாடியது. பின்னர் அது உல்லாசப் பயணிகளின் ஊராயிற்று. இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். மொழி அச்சமூட்டியபோது அதை ஒடுக்கினார்கள். அது ஓய்ந்து யாரையும் அச்சுறுத்தாத நிலை வந்ததும் உடைக்குக் கைதட்டினார்கள். அந்தப் பெண்ணின் உடுப்புக்குக் கிடைக்கும் கைதட்டல், அவளுடைய பாட்டியின் வாயிலிருந்து பறித்த மொழிக்கு ஈடாகக் கிடைத்தது. இதைத் தூய்மையின் வெற்றி என்கிறீரே நண்பரே, அவளிடம் டேனிய மொழியில் ஒரு வாக்கியம் கேட்டுப் பாரும்!

"வாறவன் போறவனை உள்ளுக்கை விடாமல்" என்ற வார்த்தைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1987இல் டேனிய நீதி அமைச்சராக இருந்த எரிக் நின் ஹன்சன், சட்டப்படி உரிமை பெற்றிருந்த இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி மக்களை அழைப்பதற்கான விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். உறவுகள் போர்முனையில் கிடந்து தவித்தன. விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்ததும், 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி துறந்தார். 1995இல் அரசியல் குற்றவிசாரணை மன்றம் நின் ஹன்சனைக் குற்றவாளி எனக் கண்டு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. அகதிக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசே கவிழ்ந்த நாடு அது. அந்த நாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அதே நாட்டின் நாடாளுமன்றம் 2016 ஜனவரி 26ஆம் திகதி, அகதிகளிடமுள்ள 10,000 குரோனருக்கு மேற்பட்ட பணத்தையும் பெறுமதியான பொருட்களையும் பறிமுதல் செய்ய இடமளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 81, எதிர்ப்பு 27. உலகம் கண்டித்ததன் விளைவாக, மணமோதிரம் போன்ற உணர்வோடு ஒட்டிய பொருட்களுக்கு விலக்கு அளித்தார்கள். வெள்ளிப் பொத்தானும் கொக்கியும் டேனியக் குடியானவக் குடும்பத்தின் சேமிப்பாக இருந்தன. எங்கள் பெண்களின் தங்கக் காப்பைப் போல. அவற்றில் இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு கப்பலேறிய பூட்டியிடம், மறுகரையில் ஓர் உத்தியோகத்தர் "இது உணர்வா, பெறுமதியா?" என்று கேட்டிருந்தால், அந்தப் பேத்தியின் மேற்சட்டையில் இன்று என்ன மின்னியிருக்கும்?

டென்மார்க்கைச் சாடுவது சுலபம். தன் முதுகு தனக்குத் தெரிவதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்தபோது என் தாயார் தன் கூறைச்சேலையைத் தகரப்பெட்டிக்குள் விட்டுவந்தார். திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. 'யாழ்ப்பாணத்துக் கூறை' என்று சாகும்வரை அதைச் சொல்லி வருந்தினார். அது அக்கரைத் தறியில் நெய்து வந்தது. கூறைக்குப் பெயர்போன கூறைநாடு மயிலாடுதுறையில் இருக்கிறது. டேனியர் கோட்டை கட்டிய தரங்கம்பாடிக்கு அண்மையில்! எங்கள் மரபின் உச்சமும் கடல் கடந்து வந்ததுதான். அதற்காக அது அம்மாவுடையதல்லாமற் போய்விடுமா?

இதையெல்லாம் அறிந்தும் நாங்கள் செய்தது என்ன? ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிந்தபோது அதைக் கிழித்தெறிந்த கைகள் எங்கள் கிராமங்களில் இருந்தன. 1783ஆம் ஆண்டின் டேனிய அரச ஆணையை எங்கள் ஊரில் எழுதாமலே நிறைவேற்றினோம். 2018 ஏப்ரலில், திருகோணமலைப் பாடசாலை ஒன்றின் வாசலில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணியக்கூடாது, சேலைதான் உடுத்தவேண்டும் என்று பதாகை பிடித்தோம். சேலை எங்கள் கலாசாரம் என்று கூவியவர்களுள் எத்தனை பேர், அதனோடு அணியும் 'பிளவுஸ்' என்பதன் பெயரும் வெட்டும் எங்கிருந்து வந்தன என்று யோசித்திருப்பார்கள்? அகதியாகப் போன நாட்டில் எங்கள் பிள்ளைகளின் பொட்டை அழிக்கச் சொன்னால் மனித உரிமை பேசுகிறோம். சொந்த ஊரில் அடுத்தவரின் முக்காட்டை அவிழ்க்கச் சொல்லும்போது மரபு பேசுகிறோம். இந்த இரட்டை நாக்கை நான் என் சமூகத்தின் முகத்துக்கு நேரே கண்டிக்கிறேன். கண்டிக்காத நாளில் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

பரம்பரை உடை ஒரு வேலியாகாது. அது ஒரு பயணச் சான்று. எங்கிருந்து வந்தோம், யாரிடம் வாங்கினோம், எவர் எங்களை உள்ளே விட்டார்கள் என்பதையெல்லாம் அதன் தையல் சொல்கிறது. அதை அணிபவர் அறிந்து அணியட்டும். காட்டிப் பெருமை பேசுபவரும் அறிந்து பேசட்டும்.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இவ்வளவு நீளமில்லை. இரண்டே வரிகள்: "அந்தப் பிள்ளையின் பூட்டி கப்பலால் இறங்கின அண்டைக்கு அவளும் ஒரு வாறவள் போறவள்தான். அவளை உள்ளுக்கை விட்டபடியால்தான் உமக்கு இந்தப் படம் கிடைச்சது."